இன்ஜினுக்கு 'டானிக்' ஊத்தலாமா?

செங்கோட்டையில் இருந்து புளியரை வழியாக ஆரியங்காவு கணவாய் ஏறும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். லோடுடன் மேடு ஏறும்போது இன்ஜின் திணறும். "அண்ணாச்சி, இந்த பாட்டில் ஒண்ணை ஊத்துங்க, இன்ஜின் புதுசு மாதிரி ஓடும்" என்று கடையில் சொன்னால் வாங்கத்தான் தோன்றும். அதற்கு முன் இதைப் படியுங்கள்.

ஆயிலுக்குள் என்ன இருக்கிறது?

டீசல் இன்ஜின் ஆயில் வெறும் எண்ணெய் அல்ல. கரியைக் கழுவவும், தேய்மானத்தைத் தடுக்கவும், நுரையை அடக்கவும் தேவையான அடிட்டிவ்களைத் தயாரிப்பாளரே அளந்து சேர்த்திருக்கிறார். மேலே நாம் ஒன்றை ஊத்தினால் அந்த அளவு கெடலாம். 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஆயில் எரிந்து வரும் சாம்பல், புகை வடிகட்டியை அடைக்கும்.

டிராக்டர், ஜேசிபி வைத்திருப்பவர்களுக்கு

பல டிராக்டர்களில் கியர், ஹைட்ராலிக், பிரேக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். ஆயிலில் மூழ்கிய பிரேக் தட்டுகள் உரசினால்தான் வண்டி நிற்கும். உராய்வைக் குறைக்கும் திரவத்தை அதில் ஊத்தினால் பிரேக் வழுக்கலாம். சரிவில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஹைட்ராலிக் தூக்கும் சக்தி குறைந்தால் முதலில் இவற்றைப் பாருங்கள்:

1. ஆயில் அளவு சரியா?
2. ஃபில்டர் அடைத்திருக்கிறதா?
3. ஹோஸ், சீல் கசிகிறதா?
4. ஆயில் பால் போல் வெளுத்திருந்தால், தண்ணீர் கலந்திருக்கிறது. மாற்றத்தான் வேண்டும்.

தேய்ந்த பம்பையும் கிழிந்த சீலையும் எந்த பாட்டிலும் சரிசெய்யாது.

வாங்கும் முன்

வண்டியோடு தந்த கையேட்டைப் புரட்டுங்கள். அதில் சொன்ன கிரேடு ஆயிலை, சொன்ன மணி நேரத்தில் அல்லது கிலோமீட்டரில் மாற்றினாலே போதும். கையேடு வேண்டாம் என்று சொன்னதை ஊத்தினால் வாரண்டி மறுக்கப்படலாம்.

ஏமாந்துவிட்டால்?

பில், பாட்டில், விளம்பரத்தின் போட்டோ மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம், மொபைலிலேயே பதியலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

"நான் தொழிலுக்கு வண்டி ஓட்டுறவன், எனக்குப் பொருந்துமா?" என்று தயங்க வேண்டாம். சுயதொழிலாக, பிழைப்புக்காக வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதனால் பில் கேட்டு வாங்குங்கள்!