கிலோமீட்டரை விடு, ஏற்றத்தைக் கூட்டு

அன்புள்ள கதிருக்கு,

வடக்கு ஸ்பெயினைத் தனியாகச் சைக்கிளில் சுற்றி, கூடாரத்தில் தங்கப்போகும் உன் திட்டம் கிடைத்தது. துணிச்சலான முடிவு, பாராட்டுகள். ஆனால் எல்லா நாளுக்கும் 100 கி.மீ. என்று போட்டிருக்கிறாயே, அதை மட்டும் அடித்துவிடு.

பில்பாவோவிலிருந்து மேற்கே கலீசியா வரை மலை கடலை நெருக்கிக்கொண்டே வருகிறது. பீகோஸ் தே எவ்ரோபா மலைத்தொடரில் 2,600 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள்கூடக் கடலுக்கு 30 கி.மீ. தொலைவுக்குள்தான் இருக்கின்றன. அங்கே பிறக்கும் ஆறுகள் ஆளுக்கொரு பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு கடலில் சேர்கின்றன. கரையோரச் சாலை ஒவ்வொரு கழிமுகத்துக்கும் இறங்கி, உடனே ஏறும். அதனால் நாளின் மொத்த ஏற்றத்தை முதலில் கூட்டிப் பார். அது 1,000 மீட்டர் என்றால், சுமையோடு 60 கி.மீ. போதும்.

அதே மலைத்தொடரில் உள்ள கோவாதோங்கா ஏரிகளுக்குப் போகும் சாலை நல்ல உதாரணம். 12 கி.மீ.க்கு மேல் ஏற்றம். சராசரியாக 100 மீட்டருக்கு 7 மீட்டர் உயரும். நடுவே ஒரு பகுதியில் சாய்வு இரண்டு மடங்காகிவிடும். ஸ்பெயினின் புகழ்பெற்ற வுவெல்டா பந்தயம் 1983இல் முதன்முறையாக இங்கே ஏறியபோது அன்றைய கட்டத்தை மரீனோ லெஹாரேட்டா வென்றார். பந்தய வீரர்களுக்கு மூட்டை முடிச்சு கிடையாது. நீயும் கூடாரத்தை அடிவாரத்து முகாமிலேயே விட்டுவிட்டு ஏறு.

கியரில் கஞ்சத்தனம் வேண்டாம். பெடலோடு சுழலும் முன் பல்சக்கரத்தில் 24 பல்லும் பின்னால் 34 பல்லும் இருந்தால், பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தாலும் பின்சக்கரம் முக்கால் சுற்றுகூட உருளாது. வண்டி மெதுவாகத்தான் போகும். ஆனால் முழங்கால் தப்பிக்கும்.

மழையையும் கணக்கில் சேர். அட்லாண்டிக்கின் ஈரக்காற்று மலையில் முட்டுவதால் கோடையிலும் மழை உண்டு. பில்பாவோவில் ஆண்டுக்கு 1,100 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. நனைந்த சாலையின் மணல் பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டு அரம்போல் ராவும். சுமையோடு நீண்ட இறக்கங்களில் இறங்கும்போது கட்டை சீக்கிரம் தேயும். மாலையில் கூடாரம் அடித்ததும் அதைப் பார்த்துவிடு. மாற்றுக் கட்டை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

கண்ட இடத்தில் கூடாரம் அடிக்காதே. அந்த விதிகளை அங்குள்ள தன்னாட்சிப் பகுதிகள் வகுக்கின்றன. பெரும்பாலான இடங்களில் அனுமதி இல்லை. கடலோரத்தில் கட்டண முகாம்கள் நிறைய உண்டு. ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். சைக்கிளை முந்தும் கார் குறைந்தது 1.5 மீட்டர் விலகிப் போக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். சிற்றூர்களில் மதியமும் ஞாயிற்றுக்கிழமையும் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொள். அவசர உதவிக்கு 112.

தனியாகப் போகிறவன் தினமும் இரவு எங்கே தங்குகிறான் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளின் ஏற்றத்தையும் கூட்டி, திட்டத்தைத் திருத்தி, ஒரு பிரதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் புறப்படு.

அன்புடன்,
உன் சித்தப்பா