வெட்டிய குழாயின் முனையைச் சரிவாக்குதல்

கொட்டில் போடவும் தண்ணீர் இணைப்பு எடுக்கவும் ஜீ.ஐ. குழாய்களை நீங்கள் வெட்ட வேண்டி வரும். வெட்டிய முனையில் கூரான பிசிர் நிற்கும். அது கையையும் தறப்பாளையும் கிழிக்கும். உட்பிசிர் தண்ணீர் ஓட்டத்தைக் குறைத்து அழுக்கைத் தேக்கும். ஆகவே விளிம்பைச் சற்றுச் சாய்வாகத் தேய்த்துவிட வேண்டும். தொழிற்சாலையில் இதை இயந்திரம் செய்கிறது. வீட்டில் அரமே போதும்.

முதலில் கவனிக்க வேண்டியது

காணியிலோ பற்றைக்குள்ளோ கிடக்கும் குழாய்களையும் இரும்புகளையும் தொடாதீர்கள், வெட்டாதீர்கள். அவை வெடிபொருளாக இருக்கலாம். அந்த இடத்தை விட்டு விலகி, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள். கடையில் வாங்கிய அல்லது நிவாரணமாகக் கிடைத்த குழாயை மட்டும் பயன்படுத்துங்கள்.

தேவையானவை

இரும்பு வாள் (அங்குலத்துக்கு 24 பல் உள்ள அலகு), தட்டை அரம், வட்ட அரம், பழைய துணி, கையுறை, கண்ணாடி.

செய்யும் முறை

1. குழாயை வைஸில் அல்லது மரக்கட்டையில் அசையாமல் இறுக்குங்கள்.

2. வாளின் பல் முன்னோக்கி இருக்கட்டும். நேராக வெட்டுங்கள்.

3. வட்ட அரத்தை உள்ளே விட்டுச் சுற்றிவரத் தேய்த்து உட்பிசிரை எடுங்கள்.

4. தட்டை அரத்தை ஏறத்தாழ 45 பாகை சாய்வில் பிடித்து வெளி விளிம்பைத் தேய்யுங்கள். முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். பின்னே வரும்போது அரத்தை உயர்த்துங்கள்.

5. சாய்வு 1 மில்லிமீற்றர் அளவில் போதும். குழாய்ச் சுவரின் அரைவாசித் தடிப்புக்கு மேல் தேய்த்தால் முனை மீண்டும் கத்தி போலாகிவிடும்.

6. துணியால் விளிம்பைத் துடையுங்கள். நூல் மாட்டினால் பிசிர் இன்னும் இருக்கிறது. விரலால் சோதிக்க வேண்டாம்.

7. குழாயை நிமிர்த்தித் தட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இரும்புத் தூள் உள்ளே தங்கினால் பைப்பின் வொஷர் பழுதாகும்.

மரை வெட்டுவதானால், வெளிச் சாய்வு இருந்தால்தான் டை நேராகப் பிடிக்கும். மரை கோணினால் சொக்கற் இணைப்பில் தண்ணீர் ஒழுகும்.

வெட்டிய இடத்தில் நாகப் பூச்சு போய்விடுவதால் துரு அங்கேதான் தொடங்கும். கொட்டில் குழாயின் முனைக்குத் துருத்தடுப்பு வர்ணம் பூசுங்கள். தறப்பாள் படும் முனையைப் பழைய ரியூப் துண்டால் சுற்றிக் கட்டுங்கள்.

காயம் பட்டால்

சவர்க்காரமும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவி, துணியால் கட்டுங்கள். ஏற்பு வலித் தடுப்பூசி பற்றி அருகிலுள்ள வைத்தியசாலையில் உடனே கேளுங்கள்.