கல்லூரிக்கு முன் பிரசவ வார்டைப் பாருங்கள்

பி.எஸ்ஸி. நர்சிங் முடித்த பிள்ளையை அழைத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர், மேலே என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்கும்போதே பதிலையும் சொல்லிவிடுகிறார்கள். "பிரசவம் பக்கம் போகட்டும். பெண்களோடயே வேலை" என்பார் வாப்பா. இந்த எண்ணம் புதிதல்ல. ஆண் மருத்துவரிடம் போகத் தயங்கிய பெண்களுக்காகவே 1885-ல் சென்னையில் ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையான அதை மூத்தவர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இன்றைய பிரசவ அறைக்கு மயக்க மருத்துவரும் குழந்தை மருத்துவரும் வருவார்கள்; அவர்கள் ஆண்களாகவும் இருக்கலாம். இதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

அடுத்து, பிள்ளையின் மனம் தாயிடமா, குழந்தையிடமா என்று கேளுங்கள். வெளிநாடுகளில் தாய்-சேய் செவிலியம் என்று ஒரே பட்டமாகப் படிக்கும் வழி உண்டு. நம் நாட்டு எம்.எஸ்ஸி. நர்சிங்கில் இவை இரண்டு பிரிவுகள். கர்ப்பிணி, பிரசவம், மகளிர் நோய் எல்லாம் மகப்பேறு செவிலியப் பிரிவில் வரும். பச்சிளங்குழந்தைப் பராமரிப்பும் அதில் ஓரளவு உண்டு. ஆனால் குறைமாதக் குழந்தைகளோடு தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இருக்க விரும்பும் பிள்ளை குழந்தைநலச் செவிலியம்தான் எடுக்க வேண்டும். இரண்டும் இரண்டாண்டுப் படிப்பு. பி.எஸ்ஸி.யில் 55 விழுக்காடு, அதன்பின் ஓராண்டு வேலை அனுபவம், செவிலியர் கவுன்சில் பதிவு ஆகியவை வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எம்.எஸ்ஸி. முடித்தவர்களில் பலர் கல்லூரி ஆசிரியராகத்தான் போகிறார்கள். அது நல்ல வேலைதான். ஆனால் பிரசவம் பார்ப்பதையே தொழிலாகக் கொள்ள நினைக்கும் பிள்ளைக்கு 18 மாத மருத்துவச்சிச் செவிலியர் பயிற்சி என்று வேறொரு வழி இருக்கிறது. மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட மருத்துவச்சி சேவை வழிகாட்டுதலை ஒட்டி வந்தது இது. இது பட்ட மேற்படிப்பு அல்ல. கல்லூரியில் பாடம் நடத்த உதவாது. எது வேண்டும் என்பதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

இனி கல்லூரி. இதில் நாங்களே ஒரு தவறு செய்திருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், வீட்டுக்குப் பக்கம், கட்டணமும் குறைவு என்று ஒரு குடும்பத்துக்கு ஒரு கல்லூரியைச் சொன்னோம். அதன் சொந்த மருத்துவமனையில் பிரசவமே அபூர்வம். மாணவிகளைப் பஸ்ஸில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே வேறு கல்லூரி மாணவிகளும் மருத்துவ மாணவர்களும் கட்டிலைச் சுற்றி நிற்க, எங்கள் பிள்ளை பின்வரிசையில் நின்று எட்டிப் பார்த்தே இரண்டாண்டை முடித்தாள். பட்டம் கிடைத்தபின், ஒரு மருத்துவமனையில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்து கையால் செய்யும் வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டாள்.

பிரசவத்துக்குப் பின் திடீரென்று இரத்தம் கொட்டும். கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும். பிறந்த குழந்தை அழாமல் கிடக்கும், முதல் ஒரு நிமிடத்துக்குள் அதற்கு மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும். தாயும் சேயும் பிழைப்பது இந்த நேரங்களில்தான் தீர்மானமாகிறது. இவை தினமும் வருபவை அல்ல. வாரத்துக்கு நாலைந்து பிரசவம் நடக்கும் இடத்தில் படிக்கும் பிள்ளை இவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் வெளியே வரக்கூடும்.

ஆகவே பணம் கட்டும் முன் வார்டுக்குப் போங்கள். மாதம் எத்தனை பிரசவம், அதில் சுகப்பிரசவம் எத்தனை என்று கேளுங்கள். சிசேரியன் மட்டுமே அதிகமாக நடக்கும் இடத்தில் செவிலியர் தானே பிரசவம் பார்த்துப் பழக வாய்ப்பு குறைவு. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, எத்தனை கல்லூரிகள் அதே வார்டைப் பங்கு போடுகின்றன, பாடம் நடத்தும் ஆசிரியை வார்டுக்கு வருகிறாரா என்று விசாரியுங்கள். முதல்வர் அறையில் கேட்பதைவிட, இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியைத் தனியே கேட்டால் உண்மை வரும். உம்மா போய்க் கேட்டால் இன்னும் சுலபம்.

உடை பற்றியும் அப்போதே கேளுங்கள். கை கழுவ முழங்கை வரை துணி இருக்கக்கூடாது. இது நோய்த்தொற்றைத் தடுக்கும் விதி. முடியையும் கழுத்தையும் மூடும் அறுவை அறைத் தொப்பி கிடைக்கிறது. அதை அனுமதிப்பார்களா என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளலாம். இரவுப் பணி கட்டாயம் உண்டு. நிச்சயம் பேசி முடித்த பிள்ளையென்றால் மாப்பிள்ளை வீட்டாருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். படிப்பு நடுவில் நின்றுபோனதற்கு இரவுப் பணி காரணமான வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பும் கவுன்சில் அங்கீகாரமும் இருந்தால் போதாது. எம்.எஸ்ஸி.யில் பிள்ளை எடுக்கும் அதே பிரிவுக்கு, இந்த ஆண்டுக்கு, எத்தனை இடங்களுக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுக்க நேர்ந்தால் கையெழுத்திட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள். படிப்புக்குப் பின் இத்தனை ஆண்டு இங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டால், அதை முதலில் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். படித்துப் பார்த்துச் சொல்கிறோம்.