பழைய பள்ளிப் பேருந்தும் அதன் பின்னால் வரும் டிரெய்லரும்

கல்வி ஆண்டு முடிவுறும் வேளையில் பள்ளிகள் தம் வாகனங்களை மாற்றிக்கொள்கின்றன. அப்போது விற்பனைக்கு வரும் மஞ்சள் நிறப் பேருந்துகளைச் சிறுதொழில் புரிவோர் நாடி வருகின்றனர். புனே, நாசிக் வட்டாரங்களில் திருமணச் சமையல் ஒப்பந்தம் எடுப்போரும், பந்தல், ஒளியமைப்புத் தொழில் செய்வோரும் இவ்வாறான வாகனத்திற்குக் கடன் கேட்டு வங்கிக் கிளைகளுக்கு வருவதுண்டு. அவர்களுடைய எண்ணம் எளிமையானது. இருபது பணியாளர்களைப் பேருந்தில் அமர்த்தி, அண்டா, அடுப்பு, ஜெனரேட்டர் முதலியவற்றை ஒரு டிரெய்லரில் ஏற்றிப் பேருந்தின் பின்னால் பூட்டிவிட்டால், தனி லாரி வாடகையும் இரண்டாவது ஓட்டுநர் சம்பளமும் மிச்சமாகும்.

இக்கணக்கில் பிழை இல்லை. பேருந்தைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் பிழை நேர்கிறது. முதலில் குறைந்த விலையில் பேருந்தை வாங்கி, பிறகு அதற்கொரு டிரெய்லரைப் பட்டறையில் செய்து, இறுதியில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தை அணுகுவதே வழக்கமாக உள்ளது. இவ்வரிசை முற்றிலும் தலைகீழாக அமைய வேண்டும். டிரெய்லரின் எடையை அறிந்த பின்னரே பேருந்தைத் தேட வேண்டும். எழுத்து மூலமான அனுமதி கிடைக்கும் என்ற உறுதி வந்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.

பள்ளிப் பேருந்து மனிதரை ஏற்றிச் செல்வதற்காக உருவாக்கப்பட்டது. எதையும் இழுப்பதற்காக அன்று. ஆகவே அது எவ்வளவு இழுக்கும் என்பதற்கு எஞ்சினின் குதிரைத்திறனைப் பார்த்து விடை சொல்ல இயலாது. டாடா, அசோக் லேலண்ட், ஐஷர் ஆகிய எந்நிறுவனத்தின் வாகனமாயினும், அதன் தயாரிப்பாளர் இழுவைத் திறனைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்பதை மாதிரி எண்ணைச் சொல்லி அந்நிறுவனத்தின் சேவை மையத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். இல்லை என்ற விடை வந்தால் அத்துடன் நிறுத்திக்கொள்வதே நன்று.

விடை சாதகமாக இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அடுத்துப் பார்க்க வேண்டியவை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை விவரங்களும், அச்சிடைத் தூரமும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரமே அச்சிடைத் தூரம். பின் அச்சைத் தாண்டிப் பின்னோக்கி நீண்டிருக்கும் பகுதியைப் பின்நீட்டம் எனலாம். இது அச்சிடைத் தூரத்தில் 60 விழுக்காட்டிற்கு மேற்படக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. மாணவர் இருக்கைகளை அதிகமாக அமைக்கும் பொருட்டுப் பள்ளிப் பேருந்துகளில் இந்த எல்லைவரை உடலை நீட்டிக் கட்டுவது இயல்பு. டிரெய்லரை மாட்டும் கொக்கி அந்த நீண்ட பகுதியின் கடைசியில்தான் வர முடியும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அச்சிடைத் தூரம் 4.2 மீட்டர், பின்நீட்டம் 2.5 மீட்டர் கொண்ட ஒரு பேருந்து. டிரெய்லர் நிறைந்த நிலையில் 2,000 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கான 200 கிலோ கொக்கியின் மேல் அமர்கிறது. பேருந்துக்கு 200 கிலோதானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் ஏற்றமரத்தின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழுவதைப் போல, பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு பேருந்தின் முன்பகுதி மேலெழுகிறது. முன் அச்சிலிருந்து 119 கிலோ குறைகிறது. பின் அச்சில் 319 கிலோ கூடுகிறது. திருப்புவதும் பிடியை நிலைநிறுத்துவதும் முன் சக்கரங்களின் வேலை. மழைக்காலத்தில் மலைப்பாதையின் வளைவில் அச்சக்கரங்கள் இலேசாகிவிட்டால் என்ன நேரும் என்பதை ஓட்டுநர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதே பேருந்தின் ஆர்.சி.யில் மொத்த எடை வரம்பு 9,000 கிலோ, பின் அச்சின் வரம்பு 6,000 கிலோ என்று இருப்பதாகக் கொள்வோம். வெற்று எடை 6,300 கிலோ. பணியாளர்களும் சாமான்களும் சேர்ந்து 2,000 கிலோ. ஆக 8,300 கிலோ. இன்னும் 700 கிலோவுக்கு இடமிருப்பதாக மொத்தக் கணக்கு காட்டும். ஆனால் எடை மேடையில் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தும்போது 5,750 கிலோ காட்டினால், அங்கே மீதமிருப்பது 250 கிலோவே. கூடுவதோ 319. மொத்த எடையில் விதிக்கு உட்பட்டிருக்கும் வாகனம், பின் அச்சில் 69 கிலோ மீறி நிற்கிறது. எடை மேடைக் கட்டணம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். விற்பவரின் சம்மதத்துடன் இதனைச் செய்து பார்க்காமல் பேருந்தின் விலையைப் பேசுவது பயனற்றது. நீண்ட அச்சிடைத் தூரமும் குறுகிய பின்நீட்டமும் உள்ள பேருந்தே இப்பணிக்கு ஏற்றது. அதில் நான்கைந்து இருக்கைகள் குறைந்தாலும் பாதகமில்லை.

பிறகு பேருந்தின் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் உடனிருப்பது நலம். பின் அச்சுக்கு அப்பால் உள்ள சட்டம் தயாரிப்பாளர் அளித்த முழு நீளச் சட்டமா, அல்லது உடல் கட்டியவர் பற்றவைத்து நீட்டிய துண்டா என்பதே முதல் கேள்வி. ஒட்டுத் துண்டாக இருந்தால் அது பின்புற உடலைத் தாங்கும். டிரெய்லரின் இழுப்பையும் குலுக்கலையும் தாங்கும் என்று நம்ப இடமில்லை. பற்றவைத்த இடங்களில் துரு, முடிக்கோடு போன்ற விரிசல், புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ட் ஆகியவை இருப்பின் அப்பேருந்தை விட்டுவிடலாம். தரைவிரிப்பைத் தூக்கிப் பலகையை அழுத்திப் பார்ப்பதும், படிக்கட்டின் அடியைத் தட்டிப் பார்ப்பதும் அவசியம். கடலோர நகரங்களில் ஓடிய பேருந்துகளில் துருவைக் கூடுதல் கவனத்துடன் தேட வேண்டும்.

பிரேக்கைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: ஏர் பிரேக் இல்லாத பேருந்து இதற்கு வேண்டாம். சிறிய பள்ளிப் பேருந்துகள் சிலவற்றில் ஹைட்ராலிக் பிரேக்கே உள்ளது. ஏர் பிரேக் உள்ள வாகனத்தில் உரிய வால்வுகளைப் பொருத்தி டிரெய்லரின் பிரேக்குக்கும் காற்றழுத்தத்தைக் கொண்டுசெல்ல இயலும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாவிடில் அதன் 2,000 கிலோவையும் பேருந்தே நிறுத்த வேண்டும். அப்பேருந்தில் இருபது பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

பள்ளிப் பேருந்தின் கிலோமீட்டர் கணக்கைக் கண்டு மகிழ்வோர் பலர். எட்டு ஆண்டில் 90,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்பார்கள். ஆனால் அத்தூரம் முழுவதும் தெருவுக்குத் தெரு நின்று, பிள்ளைகளை ஏற்றி, மீண்டும் முதல் கியரில் புறப்பட்ட தூரம். கிளட்சும் பிரேக் டிரம்மும் நெடுஞ்சாலைப் பேருந்தைவிட விரைவில் தேய்ந்திருக்கும். நின்ற நிலையில் எஞ்சின் ஓடிய மணிநேரம் மீட்டரில் தெரியாது. டிரெய்லரை இழுக்கும்போது முதலில் களைப்படையும் உறுப்பும் கிளட்சே. ஆகவே விலையில் ஒரு புதிய கிளட்சின் செலவைச் சேர்த்தே கணக்கிடுவது நல்லது. பி.எஸ்.-6 விதிமுறை 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது; அதற்குப் பிந்திய வாகனமாயின் புகைவடிகட்டியின் நிலையையும் பரிசோதிக்க வேண்டும். குறுந்தூர ஓட்டம் அதற்கு உகந்ததன்று.

இனி ஆவணங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி, கல்வி நிறுவனப் பேருந்து என்பது அந்நிறுவனத்திற்குச் சொந்தமாகி, அதன் மாணவரையும் பணியாளரையும் ஏற்றிச் செல்வதற்கு மட்டுமே பயன்படும் வாகனம். கை மாறியவுடன் அத்தகுதி போய்விடுகிறது. வாடகை பெறாமல் தம் தொழிலுக்காகத் தம் பணியாளரை ஏற்றிச் செல்லும் வாகனத்தை அதே சட்டம் தனியார் சேவை வாகனம் என்று வகைப்படுத்தி, அதற்கென 76-ஆம் பிரிவில் பெர்மிட்டும் வைத்துள்ளது. வகை மாறினால் வரியும் மாறும். பள்ளிக்குக் கிடைத்த சலுகை வரியைக் கொண்டு வருடச் செலவைக் கணிப்பது தவறு. மஞ்சள் நிறத்தையும் பள்ளி என்ற எழுத்துகளையும் நீக்கி, புதிய நிறத்தை ஆர்.சி.யில் பதிய வேண்டும். பள்ளிப் பேருந்தின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 60 கிலோமீட்டருக்கு அமைக்கப்பட்டிருக்கும்; டிரெய்லருடன் செல்லும் வாகனத்திற்கு அந்த வேகமே போதும் என்பது என் எண்ணம்.

கொக்கி பொருத்துவதும் ஒரு மாற்றமே. ஆர்.சி.யில் பதிவான தயாரிப்பாளரின் அடிப்படை விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 52-ஆம் பிரிவு கூறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. பயணிகள் வாகனம் டிரெய்லர் இழுப்பதைப் பற்றி மாநில விதிகளையும் பார்க்க வேண்டியிருப்பதால், பதிவு அதிகாரியின் எழுத்து மூலமான ஒப்புதலுக்கு ஈடாக இடைத்தரகரின் வாய்ச்சொல்லைக் கொள்ள முடியாது. டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு. அதன் பதிவெண் அதன் பக்கவாட்டிலும், இழுக்கும் வாகனத்தின் எண் அதன் பின்புறத்திலும் தெரிய வேண்டும். பட்டறையில் பற்றவைத்த டிரெய்லர் பதிவாவது கடினம். அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளரிடம் வாங்குவதே வழி.

டெல்லியிலிருந்து வரும் பேருந்துகள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டைக் கடந்த டீசல் வாகனங்களுக்கு எதிராகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் பிறப்பித்த ஆணையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கே ஓட்ட முடியாத நிலைக்கு வந்தவை வேறு மாநிலங்களுக்கு விற்கப்பட்டன. அவ்வாறான வாகனத்திற்குப் படிவம் 28-இல் தடையின்மைச் சான்றும், வாங்கும் மாநிலத்தில் புதிய பதிவெண்ணும் தேவை. 8 ஆண்டைக் கடந்த எந்தப் போக்குவரத்து வாகனமும் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். 15 ஆண்டைக் கடந்தால் அதற்கான கட்டணமும் மிக உயரும். ஐந்தாண்டுக் கடனில் வாங்கும் 11 வயதுப் பேருந்து, கடைசித் தவணையின்போது 16 வயதாகி நிற்கும். வாகனத்தின் வயதையும் கடன் காலத்தையும் வங்கி கூட்டிப் பார்ப்பது இதனால்தான்.

விற்பவரிடமிருந்து படிவம் 29-உம் 30-உம், பள்ளிக்கு அவ்வாகனத்தின் மேல் பழைய கடன் இருந்திருந்தால் படிவம் 35-உம் கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் பெற வேண்டும். பெரும்பாலான பள்ளிகள் அறக்கட்டளையின் உடைமை. ஆகவே விற்பனைக்கு அறங்காவலர் குழுவின் தீர்மான நகலையும் கேட்டுப் பெறுவது முறை. முதல்வர் கையெழுத்து மட்டும் போதாது. நிலுவையிலுள்ள அபராதங்களைப் பரிவாகன் இணையதளத்தில் காணலாம்.

காப்பீட்டைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். உரிமை மாற்றத்துடன் மூன்றாம் தரப்புக் காப்பீடு புதியவருக்கு வந்துவிடுவதாகச் சட்டம் கருதினாலும், 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திற்கு விண்ணப்பிக்கும் கடமை வாங்கியவருடையது. டிரெய்லருக்கும் காப்பீடு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். வகை மாற்றப்படாத ஆர்.சி., அனுமதியற்ற கொக்கி, காப்பீடில்லாத டிரெய்லர் இவற்றுடன் ஒரு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்கும் வாய்ப்பு பெரிது. அப்போது காயமுற்ற தொழிலாளியின் இழப்பீடு உரிமையாளரின் தலையில் விழும். வங்கித் தவணையோ நிற்காது.

அத்தவணை எவ்வளவு? 6 இலட்சம் ரூபாயை 12 விழுக்காடு வட்டியில் 48 மாதங்களுக்குப் பெற்றால் மாதம் ஏறத்தாழ 15,800 ரூபாய். வட்டி மட்டும் 1,58,400 ரூபாய் ஆகும். தமிழ்நாட்டில் ஆடியும் மார்கழியும் திருமணங்கள் பொதுவாகத் தவிர்க்கப்படும் மாதங்களுள் அடங்கும். மகாராஷ்டிரத்திலோ ஆஷாட ஏகாதசி முதல் கார்த்திக ஏகாதசி வரையிலான சாதுர்மாசத்தில், ஏறக்குறைய நான்கு மாதங்கள், திருமணங்கள் பெரிதும் நடைபெறுவதில்லை. அந்நான்கு மாதத் தவணை 63,200 ரூபாய். வேலையுள்ள எட்டு மாதங்களிலும் தவணையைத் தவிர 7,900 ரூபாயை ஒரு தொடர் வைப்புக் கணக்கில் சேர்த்து வந்தால்தான் இது ஈடாகும். முத்ரா திட்டத்தின் தருண் பிரிவில் 10 இலட்சம் வரை கடன் பெறலாம். ஆயினும் கிடைக்கும் தொகை முழுவதையும் பேருந்துக்கே செலவிட்டுவிட்டு டிரெய்லர், வரி, பெர்மிட், கிளட்ச் ஆகியவற்றுக்குக் கைமாற்று வாங்கும் நிலை வரலாகாது.

கிளைக்கு வரும்போது பேருந்தின் விலைச்சீட்டோடு டிரெய்லரின் எடைச்சீட்டையும் கொண்டு வாருங்கள். கூடவே, சென்ற ஆண்டில் எத்தனை நிகழ்ச்சிகளுக்கு லாரி வாடகை கொடுத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற கணக்கையும் எழுதி வாருங்கள். ஆண்டுக்கு முப்பது நடைக்குக் குறைவாயின் பேருந்தை மட்டும் வாங்கி, சாமான்களுக்கு டெம்போவை வாடகைக்கு அமர்த்துவதே இலாபமாக அமையக்கூடும். டிரெய்லர் இரண்டு டன்னை எட்டுமாயின், அதே பணத்தில் சிறிய பேருந்தொன்றும் பழைய சரக்கு வண்டியொன்றும் வாங்க இயலுமா என்பதையும் கிளை அதிகாரியுடன் அமர்ந்து கணக்கிட்டுப் பார்க்கலாம்.