உரத்த குரல் ஆதாரம் ஆகாது

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் விவாதம் வைத்தால், சத்தமாகப் பேசுகிற பிள்ளைதான் ஜெயிக்கிறது. ஆதாரத்தோடு பேச எப்படிப் பழக்குவது?
– ஓர் ஆசிரியை, கும்பகோணம்

பதில்: தலைப்புக்கு முன்னால் தகவல்களைக் கொடுங்கள். உதாரணத்துக்கு ஒன்று: 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. கெட்ட காற்றுதான் காரணம் என்று பலரும் நம்பினார்கள். பிராட் தெரு அடிபம்பின் தண்ணீர்தான் என்றார் மருத்துவர் ஜான் ஸ்நோ.

வகுப்பைக் காற்று அணி, தண்ணீர் அணி என்று பிரியுங்கள். ஒவ்வொருவரும் மூன்றைச் சொல்ல வேண்டும்: என் முடிவு என்ன, ஆதாரம் எது, அது முடிவை எப்படித் தாங்குகிறது.

பம்பைச் சுற்றியே சாவுகள் அதிகம் என்பது இரண்டு அணிக்கும் பொருந்தும். ஆனால், அருகிலிருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை, தப்பினார்கள். தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு பெண்மணி அதை வரவழைத்துக் குடித்தார், இறந்தார். காற்று அணி இங்கேதான் திணறும். ஆதாரத்தின் எடை அப்போது பிள்ளைகளுக்குப் புரியும்.

பிறகு அணிகளை மாற்றிப் பேசச் சொல்லுங்கள். ஆதாரத்தைப் பார்த்துத் தன் கருத்தை மாற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு முதல் கைதட்டலைக் கொடுங்கள், டீச்சர்.