ரேமின் வேகம்: பெட்டியில் எழுதியது எது, கடையில் ஓடுவது எது?



சரக்கு வந்து இறங்கியதும் பில்லையும் மூட்டையையும் ஒத்துப் பார்ப்பது நம் வழக்கம். மூட்டையில் 50 கிலோ என்று அச்சிட்டிருந்தாலும் தராசில் ஏற்றாமல் நாம் பணம் எண்ணுவதில்லை. ஆனால் கடைக் கம்ப்யூட்டருக்குப் புது ரேம் வாங்கிப் போட்டால் மட்டும், பெட்டியில் எழுதிய வேகத்தை அப்படியே நம்பிவிடுகிறோம். அதையும் நிறுத்துப் பார்க்கும் வழியை இப்பாடத்தில் கவனிப்போம்.

இதற்கு இப்போது அவசியமும் வந்திருக்கிறது. இ-இன்வாய்ஸ் முறை 1-8-2024 அன்று பெரிய கம்பெனிகளில் தொடங்கிப் படிப்படியாக விரிந்தது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 14-10-2025 அன்று முடிந்தது. ஆகவே நம்மவர்கள் பலர் கடைக் கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கிறார்கள். நம் சுங்கை வே, 1970-களிலிருந்து எலக்ட்ரானிக் தொழிற்சாலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். இங்கே கடை நடத்தும் நாம் இந்தச் சாமானைப் பற்றி நாலு விஷயம் தெரிந்து வைத்திருப்பது நல்லதல்லவா?

எண்ணின் பொருள்

ரேமில் 3200 என்று எழுதியிருந்தால், வினாடிக்கு 320 கோடி தடவை தகவல் கைமாறும் என்று பொருள். தடவைக்கு 8 பைட் வீதம் வினாடிக்கு 25.6 கிகாபைட் ஆகிறது. இரண்டு ரேம்களை உரிய துளைகளில் ஜோடியாகப் போட்டால் இது இரட்டிப்பாகும். நான்கு துளை உள்ள போர்டில், பெரும்பாலும் பிராசஸருக்கு அருகிலிருந்து எண்ணி 2, 4 ஆகிய துளைகளே ஜோடி. போர்டின் கையேட்டில் பார்த்துக்கொள்க.

நிறுத்துப் பார்ப்பது எப்படி?

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி என்று போனால் ‘ஸ்பீடு’ என்ற இடத்தில் எண் இருக்கும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளிலும் பார்க்கலாம். ஆனால் அது பாதி எண்ணைக் காட்டும்; 1600 என்றால் 3200 என்று கொள்க. இது தெரியாமல் விற்றவரிடம் சண்டைக்குப் போகவேண்டாம்.

எண் குறைந்தால்

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

முதலாவது, பழைய 2400 ரேமுடன் புது 3200 ரேமைச் சேர்த்தால் இரண்டும் 2400-இல்தான் ஓடும்.

இரண்டாவது, பிராசஸரின் எல்லை. உதாரணமாக, இன்டெல் ஐ5-10400 பிராசஸருக்குக் கம்பெனி விதித்த வேகம் 2666. அதற்கு மேற்பட்ட ரேமை வாங்கிப் போட்டாலும் சாதாரண போர்டில் அந்த வேகத்தைத் தாண்டாது.

மூன்றாவது, அமைப்பைத் திறந்துவிடாதது. 3600 என்று விற்கும் டிடிஆர்4 ரேம், போட்டவுடன் 2133, 2400, 2666 போன்ற பொது வேகத்திலேயே எழும்பும். 3600 என்பது பெரும்பாலும் 1.2 வோல்ட்டுக்குப் பதில் 1.35 வோல்ட் கொடுத்து ஓட்டும் தனி ஏற்பாடு. இன்டெல் போர்டில் அதன் பெயர் எக்ஸ்எம்பி. ஏஎம்டி போர்டில் டிடிஆர்5 ரேமுக்கு எக்ஸ்போ.

இம்மூன்றிலும் விற்றவர்மேல் குற்றமில்லை. சிபியு-இசட்டில் ‘எஸ்பிடி’ என்ற பக்கத்தைப் பாருங்கள். ரேமைச் செய்த கம்பெனியும் பார்ட் நம்பரும் அங்கே தெரியும். அவை பில்லுக்கு மாறாக இருந்தால் மட்டும், பில்லுடன் கடைக்குப் போய்க் கேளுங்கள்.

சரிசெய்யும் முறை

முதலில் கணக்குகளைப் பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கி, டெலிட் அல்லது எஃப்2 பொத்தானைத் தட்டி பயாஸுக்குள் செல்லுங்கள். எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவில் முதல் புரொஃபைலைத் தேர்ந்து சேமியுங்கள். எண்களைக் கையால் மாற்றவேண்டாம். டிடிஆர்5 ஆனால் முதல் தடவை திரை சில நிமிஷம் இருண்டிருக்கலாம். பதறி மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். ரெடிமேட் ஆபீஸ் கம்ப்யூட்டர், லேப்டாப் பலவற்றில் இந்த அமைப்பே கிடையாது. அவற்றுக்கு அதிவேக ரேம் வாங்குவது வீண் செலவு.

பிறகு மெம்டெஸ்ட்86 மென்பொருளால் ஓர் இரவு முழுவதும் சோதியுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் பொது வேகத்துக்குத் திரும்பிவிடுங்கள். பொது வேகத்திலும் பிழை வந்தால் ரேமை மாற்றித் தரச் சொல்லுங்கள். பிழையுள்ள ரேம், கம்ப்யூட்டரை நிறுத்தாமலே ஓர் எண்ணை மாற்றி எழுதிவிடக்கூடும். பாக்கிப் பேரேட்டில் ஒருவர் பெயருக்கு எதிரே தப்பான தொகை நின்றால், வாடிக்கையாளருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

பில் போடும் வேலைக்கு 2666-க்கும் 3200-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 4 கிகாபைட்டை 8 ஆக்கினால்தான் பலன் தெரியும். எனவே வாங்குமுன் பிராசஸரின் எல்லையைக் கேளுங்கள்; வாங்கியபின் சோதியுங்கள். வேகம் சற்றுக் குறைந்தாலும் கணக்கு சுத்தமாக இருக்கட்டும்.