காந்தம் வைத்தார்கள், கையை மறந்தார்கள்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. 911, ஹூஸ்டன் மெடிக்கல் சென்டர், ரீஹேப் எல்லாம் முறைப்படி நடந்தன. பேர்லேண்டிலிருந்து 288 நெடுஞ்சாலையில் தினம் போய்வருகிறவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு நடந்த கூத்தை.

ஃப்ரீமான்டில் இருக்கும் என் கொழுந்தனார் ஃபோனில் பிடித்துக்கொண்டார். "அண்ணி, பந்தை அமுக்கிக்கிட்டே இருந்தா கை வந்துடுமா? மூளைக்கே காந்த சிகிச்சை இருக்கு." ஆபரேஷன் கிடையாது, தலைமேல் காந்தச் சுருளை வைப்பார்கள், அவ்வளவுதான் என்றார். கிளினிக்கையும் அவரே பிடித்தார். மனச்சோர்வுக்காரர்கள் வந்துபோகும் இடம். இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது, கைக்காசு.

காசு போனதைக்கூட மன்னிப்பேன். "இது முடியட்டும், தெரபி அப்புறம் பார்க்கலாம்" என்று அந்தக் கிளினிக்கில் சொன்னார்களே, அதை மன்னிக்க மாட்டேன். அடிபட்ட மூளை வேகமாகத் தேறுவது முதல் சில மாதங்களில்தான். அந்த மாதங்களில் கை மடியில் சும்மா கிடந்தது. உங்கள் பாலிசியிலும் தெரபிக்கு வருடத்துக்கு இத்தனை விசிட் என்று கணக்கு இருக்கும். எங்கள் கணக்கில் மீதமிருந்தவை டிசம்பரோடு காலாவதியாகிவிட்டன.

அந்தக் காந்த சிகிச்சையின் கணக்கே வேறு. பக்கவாதத்துக்குப் பிறகு மூளையின் நல்ல பாதி அடிபட்ட பாதியை அமுக்கிவிடுகிறது என்பது ஒரு கருத்து. சத்தம் போடுகிற பிள்ளையை அடக்கினால் ஒதுங்கி நிற்கிற பிள்ளை வாய் திறக்கும் என்பதுபோல, நல்ல பாதியை நொடிக்கு ஒரு துடிப்பு கொடுத்து அடக்குகிறார்கள். அந்த நேரத்தில் கைக்கு வேலை கொடுத்தால்தான் பலன் என்ற எண்ணத்தில், 12 மையங்களில் 199 பேரை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில் காந்தம் வைத்த கையோடு தெரபியும் கொடுத்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது: நிஜக் காந்தம் வைத்தவர்களில் 67 சதவீதம் பேர் தேறினார்கள், பொய்க் காந்தத்தில் 65. தேற்றியது எது என்று கொழுந்தனாருக்குச் சொல்லியாகிவிட்டது. பதில் இல்லை.

எஃப்.டி.ஏ. 2008-இல் இந்தக் காந்த சிகிச்சையை அனுமதித்தது மனச்சோர்வுக்கு. கைக்கென்று 2021-இல் அனுமதி பெற்ற விவிஸ்டிம் என்ற கருவி, நம் டெக்சஸில் உருவானது. அது ஆபரேஷன் செய்து கழுத்து நரம்பில் பொருத்துவது. அதிலும் கை அசையும்போதுதான் தெரபிஸ்ட் பட்டனை அமுக்குவார்.

ஆகவே:

தெரபி விசிட் ஒன்றைக்கூட விடாதீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரிடம் வீட்டுப் பயிற்சியை எண்ணும் வேலையைக் கொடுங்கள். என் மாமியார் கண்டிப்பில் தெரபிஸ்ட்டை மிஞ்சினார்.

வலிப்பு வந்திருந்தாலோ, தலைக்குள் உலோகக் கிளிப் இருந்தாலோ, பேஸ்மேக்கர் இருந்தாலோ நியூராலஜிஸ்ட்டைக் கேட்காமல் காந்தத்தின் பக்கம் போகாதீர்கள். ஆன்லைனில் விற்கும் மின்சாரப் பட்டைகளையும் நீங்களாக வாங்கித் தலையில் மாட்டாதீர்கள்.

ஆசை விடவில்லை என்றால், பல்கலைக்கழக ஆய்வுகளில் இடம் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

காசு கேட்கிற இடத்தில் ஒரே கேள்வி: "காந்தத்தை எடுத்ததும் கையை யார் பழக்குவார்கள்?" ஆளைக் காட்டாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.